கேஷே லூர்ஸின் சத்தக் குறிப்பேடு

கேஷே லூர்ஸ் முப்பத்தொரு வருஷம் பிரேமர்ஹாஃபென் மீன் துறைமுகத்தின் எடை மேடையில் வேலை பார்த்த பெண்மணி. லாரி மேடையில் ஏறும், முள் ஆடும், நிற்கும். நின்ற எண்ணை அவர் எழுதுவார். ஓட்டுநர்கள் சன்னலுக்குள் தலையை நீட்டி, "பாதிக்கு மேல ஐஸ்தான், ஃப்ராவ் லூர்ஸ். மீனைத் தேடித்தான் பாக்கணும்" என்பார்கள். "எனக்கு ஐஸும் தெரியாது, மீனும் தெரியாது. முள்ளு எங்க நிக்குதோ அதான் தெரியும்" என்பார் இவர். அந்தப் பதிலை அவர் மாற்றிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றார். துறைமுகத்தில் நாள் முழுக்க கிரேனும் லாரியும் கடற்பறவைகளும் போட்ட இரைச்சல் அவருக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை. வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் காது விழித்துக்கொண்டது.

எங்கள் வீடு போருக்குப் பின் அவசரமாகக் கட்டிய செங்கல் கட்டடம். தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளும், தளத்துக்கு இரண்டு குடித்தனம். நான் தரைத்தளத்தில். கேஷே இரண்டாம் மாடியில். அவருக்கு எதிர்வாசலில் ஓனோ பெஹ்ரென்ட்ஸ். எழுபத்தேழு வயது, ஒரு காலத்தில் இழுவைக் கப்பலில் சமையல்காரர், இப்போது தனியாள். கேஷேவின் தலைக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில், டுன்யா பெட்ரோவாட்ஸ். அவருக்குச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. காலை ஆறரைக்கு மகள் நேலாவைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டுப் போனால், பன்னிரண்டரைக்கு இருவரும் சேர்ந்து திரும்புவார்கள். நேலாவுக்கு ஐந்து வயது.

ஒன்றிலிருந்து மூன்று வரை இங்கே மதிய அமைதி. வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள், துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள், அடுத்தவர் வீட்டு அழைப்புமணியை அழுத்த மாட்டார்கள். அழைப்புமணி விஷயம் பலகையில் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் கண்டிப்பானது அதுதான். தபால்காரர்கூடப் பார்சலைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

மார்ச் மாதம் அந்த அமைதியின் நடுவே ஒரு சத்தம் வரத் தொடங்கியது. ஒன்றே காலுக்கும் ஒன்றரைக்கும் இடையில் தொப்பென்று கனமாக ஏதோ விழும். வாரத்தில் மூன்று நான்கு நாள். கேஷே ஒரு வாரம் பொறுத்தார். அடுத்த வாரம் டுன்யாவைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"ஃப்ராவ் பெட்ரோவாட்ஸ், மதியம் ஒண்ணே காலுக்கு என்னத்தைக் கீழ போடுறீங்க?"

"ஒண்ணும் போடலையே."

"மூட்டை விழற மாதிரி கேக்குது."

"எங்க வீட்ல மூட்டை இல்ல. ஒரு சின்னப் பொண்ணுதான் இருக்கா. பதினேழு கிலோ. அவளும் அப்ப தூங்கிக்கிட்டிருப்பா."

கேஷே யோசித்தார். "பதினேழு கிலோவுக்கு இந்தச் சத்தம் வராது. இது எழுபதுக்குக் குறையாது."

"அப்ப என்னைத்தான் யாரோ தூக்கிப் போட்டிருக்கணும். ஆனா நான் அறுபத்தொண்ணுதான்" என்று சொல்லிவிட்டு டுன்யா மேலே ஏறிப் போனார்.

சத்தம் நிற்கவில்லை. கட்டடத்தை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுச் சங்கத்துக்குக் கேஷேவின் புகார் போனது. சங்கத்திலிருந்து டுன்யாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எங்கள் சங்கத்தில் முதல் எச்சரிக்கை கோப்பில் ஏறும். இரண்டாவது வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இந்த ஊரில், அந்த வாடகைக்கு, பாலர் பள்ளிக்கு நடக்கும் தூரத்தில் இன்னொரு வீடு கிடைக்காது என்பது டுன்யாவுக்குத் தெரியும். கேஷேவுக்கும் தெரியும். தெரிந்தேதான் சங்க அலுவலகத்துக்கு இரண்டாம் முறை போனார்.

அங்கே இருந்த டீட்யென் என்ற அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். "இதை நிரப்பிக் கொண்டாங்க. தேதி, நேரம், என்ன சத்தம், எவ்வளவு நேரம், சாட்சி. ஜூன் பதிமூணு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். இது இல்லாம இன்னொரு கடிதம் அனுப்ப முடியாது."

"தாங்க முடியலைன்னு எழுதலாமா?"

"கூடாது. அது சத்தம் இல்ல, உங்க அபிப்பிராயம். காதுல விழுந்ததை மட்டும் எழுதுங்க."

அவர் கேஷேவை அறியாதவர். அறிந்திருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டார். கேஷே அன்றே நூறு பக்கக் கோடு போட்ட நோட்டும் நொடி காட்டும் கைக்கடிகாரமும் வாங்கினார். அந்த நோட்டைப் பிறகு நான் முழுதாகப் படித்தேன். முதல் பதிவு இப்படி இருக்கிறது:

"ஏப்ரல் 16, புதன். 13.20. கனமான ஒன்று விழுந்தது. பிறகு 5 நிமிடம் 40 நொடி ஒன்றும் இல்லை. நாற்காலி இழுபட்டது. ஐந்து காலடி. சாட்சி: இல்லை."

ஒருவரைக் குற்றம் சாட்டுவதற்காக உற்றுக் கேட்கத் தொடங்குகிறவர், நடுவழியில் வெறுமனே உற்றுக் கேட்கிறவராக மாறிப்போவது உண்டு. கோபம் சத்தத்தை ஒரே கட்டியாகத்தான் கேட்கும். ஆர்வத்துக்கு அதில் தலையும் நடுவும் வாலும் தெரியும். ஏப்ரல் கடைசியில் கேஷே எழுதுகிறார்: "விழுவது ஒரே தடவையில் இல்லை. முதலில் மெல்லியது ஒன்று, உடனே கனமானது. முழங்கால் ஊன்றி விழுவதுபோல." மே முதல் வாரம்: "நாற்காலிக்கு முன் ஒரு புரளும் சத்தம். இதுவரை நான் கவனிக்கவில்லை." அந்த வரியில் ஒரு மகிழ்ச்சி இருப்பதாக எனக்குப் பட்டது. அவரிடம் சொன்னால் அது அபிப்பிராயம் என்பார்.

சாட்சிக் கட்டம்தான் காலியாகவே கிடந்தது. எதிர்வாசல் பெஹ்ரென்ட்ஸிடம் கேட்டார். அவர் விதிமுறைகளில் பிடிப்புள்ள மனிதர். படிக்கட்டு பெருக்கும் முறையை யாராவது மறந்தால் கதவில் சீட்டு ஒட்டுவார். உடனே ஒப்புக்கொண்டார். செவ்வாய், வியாழன் இரு நாளும் சரியாக ஒரு மணிக்கு, கையில் ஊன்றுகோலோடு, கம்பளிக் காலுறையில் வந்து கேஷேவின் சமையலறையில் உட்கார்வார். இருவரும் தேநீர் குடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அமைதி நேரம் என்பதால் பேச்செல்லாம் கிசுகிசுப்புதான்.

"இன்னிக்கும் ஒண்ணுமில்ல போல, ஃப்ராவ் லூர்ஸ்."

"நீங்க வர்ற நாள்ல மட்டும் எப்படித்தான் இப்படி அடங்கிப் போறாங்களோ."

"என் கால் சத்தம் மேல கேட்டுடுதோ என்னவோ. அடுத்த தடவை இன்னும் மெதுவா வர்றேன்."

அவர் அடுத்த தடவை இன்னும் மெதுவாக வந்தார். அன்றும் ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் டுன்யாவின் சாமர்த்தியத்தை வியந்துகொண்டே இரண்டாவது கோப்பையும் குடித்தார்கள். நோட்டில் அந்த நாள்களில் ஒரே வரிதான்: "13 முதல் 15 வரை சத்தம் இல்லை. சாட்சி: ஓ. பெஹ்ரென்ட்ஸ்." கீழே அவருடைய நிதானமான, பெரிய கையெழுத்து.

ஜூன் தொடக்கத்தில் டுன்யா தம்பி கல்யாணத்துக்காக மகளோடு குரோஷியாவுக்குக் கிளம்பினார். பன்னிரண்டு நாள். புறப்படும் அன்று காலை சாவியை எடுத்துக்கொண்டு கேஷேவின் வாசலில் வந்து நின்றார். மேல்வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் கீழ்வீட்டுக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது இந்தப் படிக்கட்டின் வழக்கம். சண்டை போட்டுக்கொண்டவர்களுக்கும் அதில் விலக்கு இல்லை.

"மொயின்" என்று இந்த ஊர் வணக்கத்தைச் சொன்னார் டுன்யா.

"மொயின்."

"தக்காளிக்குத் தினமும். மிளகாய்க்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்." சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "என் மேல எழுதறதை நிறுத்திட்டீங்களா?"

"இல்ல."

"சரி. தக்காளிக்கு அடியில மட்டும் ஊத்துங்க, இலையில படக்கூடாது" என்று சாவியை நீட்டினார்.

ஜூன் நாலாம் தேதி, புதன். காலையில் கேஷே பல் மருத்துவரிடம் மாட்டிக்கொண்டார். திரும்பி வரும்போதே மணி ஒன்று. வெயில் கடுமை. தெருவிலிருந்து பார்க்கும்போதே மேல்மாடத்தில் தக்காளிச் செடிகள் தலை தொங்கி நிற்பது தெரிந்தது. அமைதி நேரத்தில் மாடிப்படி ஏறுவது சரியில்லைதான். ஆனால் செடி மூன்று மணி வரை தாங்காது. காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு மேலே போனார்.

இந்த வாரத்துக்கு முன் அந்த வீட்டுக்குள் அவர் இரண்டு வருஷமாக நுழைந்ததில்லை. முந்தின இரண்டு நாள் அவசரமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிட்டார். அன்று நின்று பார்த்தார். சமையலறை நாற்காலிகளின் கால்கள் எல்லாவற்றுக்கும் கம்பளி வட்டம் ஒட்டியிருந்தது. கூடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று விரிப்புகள். கதவோரம் குழந்தையின் வீட்டுச் செருப்பு. அதன் அடியில் பழைய கம்பளிச் சட்டையை வெட்டி இரண்டு மடிப்பாகத் தைத்திருந்தது. சுவரில் மெழுகு வண்ணத்தில் நேலா வரைந்த ஒரு கடிகாரம். ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் சிவப்பு அடித்து, அதில் வாயில் விரல் வைத்த ஒரு முகம். முகத்துக்குக் கேஷேவுடையதைப் போலவே குட்டை முடியும் கண்ணாடியும்.

அவர் அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போதுதான் தொப்பென்று கேட்டது.

பயம் பிறகு வந்தது. முதலில் வந்தது பென்சில். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினார்: "13.22. கனமான ஒன்று விழுந்தது. கேட்ட இடம்: மூன்றாம் மாடி, பெட்ரோவாட்ஸ் வீடு. வீட்டில் யாரும் இல்லை. சத்தம் கீழிருந்து வருகிறது. 1 நிமிடம் 15 நொடி. நாற்காலி. ஐந்து காலடி." எழுதி முடித்த பிறகுதான் கீழே இருப்பது தன்னுடைய வீடு என்பது அவருக்கு உறைத்தது. ஓடி இறங்கினார். கதவு பூட்டியபடி இருந்தது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்த இடத்தில்.

அந்தப் பக்கத்தை அவர் கிழித்திருக்கலாம். கிழித்திருந்தால் டுன்யாவின் வீடு போயிருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. கிழிக்கவில்லை என்பதற்காக அவரை நான் பாராட்டப் போவதில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம் அவரைக் கிழிக்க விடவில்லை, அவ்வளவுதான். சிலரிடம் நேர்மை என்பது மனத்தில் இருப்பதில்லை, கையில் இருக்கிறது. அது போதும் என்று சில நாள் எனக்குத் தோன்றும். போதாது என்று சில நாள் தோன்றும்.

அடுத்த சில நாள் கேஷே வீடு முழுக்கத் தேடினார். சுவரில் காது வைத்தார். தரைப் பலகையில் படுத்துக் கேட்டார். திங்கள்கிழமை மாலை என் கதவைத் தட்டினார்.

"மதியம் ஒரு மணிக்கு உங்க வீட்ல என்ன நடக்குது?"

"படிப்பேன்."

"எவ்வளவு?"

"நல்ல நாள்ல ரெண்டு பக்கம்."

"பக்கம் திருப்பினா தொப்புனு கேக்குமா?"

"நான் படிக்கிற புத்தகத்துல திருப்பற வேலை அதிகம் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. நோட்டை என் மேசையில் வைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "மேல இல்ல. என் வீட்ல இல்ல. முதல் மாடியில பகல்ல ஆளே இல்ல. உங்க வீட்லயும் இல்லைன்னா பின்ன எங்கதான்?"

நான் நோட்டைப் புரட்டினேன். எட்டு வாரம். எழுத்து ஒரே சீராக இருந்தது. சத்தமில்லாத நாள்கள் ஒழுங்காக ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன.

"செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் சத்தமே இல்ல?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"செவ்வாய், வியாழன் பெஹ்ரென்ட்ஸ் சாட்சிக்கு வருவாரு. அவரு வந்தா அவங்க அடங்கிடு..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. டுன்யா அந்த வாரம் ஊரிலேயே இல்லை. போன வியாழனும் பெஹ்ரென்ட்ஸ் வந்திருந்தார். போன வியாழனும் சத்தம் இல்லை.

"இந்தக் கட்டடத்துல ஒவ்வொரு தளத்துலயும் தரைப் பலகைக்கு அடியில ஒரே உத்தரம் எதிரெதிர் ரெண்டு வீட்டுக்கும் குறுக்கே போகுது" என்றேன். "அங்க தட்டினா எங்க வேணும்னாலும் கேக்கும்."

கேஷே நோட்டை மூடினார். "அவரு எவ்வளவு எடை இருப்பாரு?" என்றார் மெல்ல.

புதன்கிழமை, ஜூன் பதினொன்று, ஒன்றேகாலுக்குக் கேஷே காலுறையோடு தன் கதவைத் திறந்து படிக்கட்டு முகப்பில் நின்றார். நாலு அடி எடுத்து வைத்தால் பெஹ்ரென்ட்ஸின் கதவு. கதவில் காது வைத்தார். உள்ளே நடமாட்டம். பிறகு மெல்லியது ஒன்று, உடனே கனமானது. தொப்.

கடிகாரத்தைப் பார்த்தார். 13.21. ஒரு நிமிடம் போனது. ஒரு நிமிடம் பத்து நொடி. நாற்காலிச் சத்தம் வர வேண்டும், வரவில்லை. இரண்டு நிமிடம். எட்டு வாரமாக அவர் குறித்து வைத்ததெல்லாம் சேர்ந்து அந்த ஒரு விஷயத்தைச் சொன்னது: உள்ளே இருப்பவர் இந்நேரம் எழுந்திருக்க வேண்டும். மூன்று நிமிடம். கேஷேவின் விரல் அழைப்புமணிக்கு முன்னால் நின்றது. அவர் இங்கே குடிவந்த பத்தொன்பது வருஷத்தில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் எந்த வீட்டிலும் மணி ஒலித்ததில்லை. நான்கு நிமிடம் ஆனதும் அழுத்தினார்.

கட்டடம் முழுக்கக் கேட்டது. தரைத்தளத்தில் நான் புத்தகத்தை நழுவவிட்டேன்.

உள்ளே, தரை மட்டத்திலிருந்து, ஆத்திரத்தோடு ஒரு குரல்: "இப்ப மணி என்னன்னு தெரியுமா!"

"ஒண்ணு இருபத்தஞ்சு!" என்றார் கேஷே. "ஹெர் பெஹ்ரென்ட்ஸ், எழுந்திருக்க முடியுதா?"

"நாற்காலி தள்ளிப் போயிடுச்சு. ஒரு நிமிஷம் இருங்க. யாரையும் கூப்பிடாதீங்க" என்றது குரல். நாற்காலி இழுபட்டது. ஐந்து காலடி. கதவு திறந்தது. பெஹ்ரென்ட்ஸ் சட்டையைக் காற்சட்டைக்குள் செருகியபடி நின்றார். அவருக்குப் பின்னால் படுக்கையறைத் தரையில் ஒரு மெத்தை, அதன் மேல் இரண்டு போர்வை, பக்கத்தில் ஒரு மர நாற்காலி.

"நீங்க எவ்வளவு எடை?" என்று கேட்டார் கேஷே.

"எழுபத்தி நாலு. ஏன்?"

"சும்மாதான்."

அவர் உள்ளே அழைத்தார். சொன்னார். பிப்ரவரியில் குளியலறை வாசலில் விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் எழ முடியவில்லை. மூன்று மணி நேரம் தரையில் கிடந்து, கடைசியில் துணிக்கூடையைப் பிடித்து எழுந்தார். ஹனோவரில் இருக்கும் மகள் அன்ட்யேவிடம் சொல்லவில்லை. சொன்னால் முதியோர் இல்லம்தான். போன வருஷமே விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். முதியோர் உடற்பயிற்சி வகுப்பில் எப்படி விழுவது, விழுந்தால் எப்படி எழுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். முழங்காலை ஊன்றி விழ வேண்டும். பக்கவாட்டில் புரள வேண்டும். நாற்காலியை இழுத்துப் பிடிக்க வேண்டும். அதைத்தான் வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறார்.

"மதியம் ஒண்ணேகாலுக்கா?"

"அப்பதானே யாரும் மணி அடிக்க மாட்டாங்க" என்று சொல்லி, கேஷேவை ஒரு மாதிரி பார்த்தார். "அடிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

கேஷே நோட்டைத் திறந்து காட்டினார். பெஹ்ரென்ட்ஸ் கண்ணாடி போட்டுப் படித்தார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு முகம் மாறியது.

"இது நானா?"

"நீங்கதான்."

"மெத்தை போட்டிருந்தேனே. போர்வையும் போட்டிருந்தேன்!" எழுந்தார், உட்கார்ந்தார். "மூணு மாசமா? மதிய அமைதி நேரத்தில? நானா?" தரையில் கிடந்ததைச் சொல்லும்போது அவருக்கு வராத கலக்கம் இப்போது வந்தது. "உங்க சமையலறையில உக்காந்து, தேநீர் குடிச்சு, அந்தப் பொண்ணைப் பத்தி... நான் கையெழுத்து வேற போட்டிருக்கேன்!"

"கையெழுத்து எல்லாம் சரிதான். நீங்க வந்தப்ப சத்தம் இல்லைன்னுதான் போட்டிருக்கீங்க. உண்மைதானே."

அவர் நோட்டை மூடிக் கேஷேவிடம் தள்ளினார்.

"புகாரைத் திரும்ப வாங்கிடுங்க" என்றார் பிறகு. "நான் இனிமே விழ மாட்டேன். முடிஞ்சுது."

"திரும்ப வாங்கினா மட்டும் போதாது. யார் வீட்டுச் சத்தம்னு சொல்லலைன்னா அந்த முதல் எச்சரிக்கை அவங்க கோப்புல அப்படியே கிடக்கும். நாளைக்கு வேற யாராவது ஒரு புகார் கொடுத்தா அவங்க தெருவுலதான். நீங்கதான்னு எழுதணும். சங்கத்துல வயசானவங்களைப் பாத்துக்க ஒரு அம்மா இருக்காங்க. இதைப் பாத்தா உங்க பொண்ணுக்குப் போன் பண்ணுவாங்க. அதையும் சொல்லிடறேன்."

"அப்ப என்னை இல்லத்துல கொண்டுபோய்க் கடலைப் பாத்து உக்கார வெச்சிடுவாங்க. முப்பது வருஷம் பாத்தாச்சு அந்தக் கடலை."

கேஷே நோட்டை ஏப்ரல் பக்கத்துக்குத் திருப்பி அவர் முன் வைத்தார். விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார். ஐந்து நிமிடம் நாற்பது. ஐந்து ஐந்து. நான்கு இருபது. மே மாதம்: மூன்று பத்து, இரண்டு ஐம்பது, இரண்டு. ஜூன்: ஒன்று பதினைந்து.

"இது என்ன?"

"நீங்க விழுந்ததிலேருந்து நாற்காலியைப் பிடிக்கற வரைக்கும். இன்னிக்குத்தான் மறுபடியும் நாலு தாண்டிச்சு. நாற்காலி தள்ளிப் போனதால."

பெஹ்ரென்ட்ஸ் அந்த எண்களை மறுபடியும் மேலிருந்து படித்தார். "அஞ்சே முக்கால் நிமிஷமா?" என்றார். "எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்துச்சு." கொஞ்சம் கழித்து, "முன்னேற்றம் ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"நான் அது வேகமாகுதுன்னு எழுதியிருக்கேன் பாருங்க. மோசமாகுதுன்னு நினைச்சேன்."

அவர் பேனாவைக் கேட்டார். அன்றைய பதிவின் கீழே சாட்சிக் கட்டத்தில் பெயரை எழுதினார். எழுதிவிட்டு யோசித்து, அதற்குப் பின்னால், "சத்தம் போட்டவரும் நானே" என்று சேர்த்தார். "இதுல ஒரு நகல் எடுத்துக் கொடுங்க. அந்த அம்மா போன் பண்றதுக்கு முந்தி அன்ட்யேவுக்கு நானே அனுப்பிடறேன். வாயால சொன்னா நம்ப மாட்டா. எண்ணுன்னா நம்புவா, கணக்கு டீச்சராச்சே."

வெள்ளிக்கிழமை கேஷே சங்க அலுவலகத்துக்குப் போனார். டீட்யென் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். இருபது வருஷத்தில், புகார் கொடுத்தவரே எதிராளிக்காகக் கொண்டுவந்த முதல் குறிப்பேடு இது என்றார். கேஷே, தான் யாருக்காகவும் கொண்டுவரவில்லை, காதில் விழுந்ததைத்தான் எழுதியதாகச் சொன்னார். எச்சரிக்கை கோப்பிலிருந்து நீக்கப்பட்டது என்று ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை மாலை டுன்யா ஊரிலிருந்து வந்ததும் கேஷே மேலே போனார். ஒரு கையில் அந்தக் கடிதம், ஒரு கையில் வெண்ணெய் கேக், மேலே சாவி. டுன்யா கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தார்.

"அப்ப நாங்க இங்கயே இருக்கலாம்."

"இருக்கலாம். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க."

டுன்யா திரும்பி உள்ளே பார்த்தார். நேலா கூடத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள், குதிகால் தரையில் படாமல். "ரெண்டு மாசமா என் பொண்ணு நுனிக்கால்ல நடக்கறா, ஃப்ராவ் லூர்ஸ். தெருவுலயும் அப்படித்தான். பாலர் பள்ளியில டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்க. கல்யாணத்துல எல்லாப் பிள்ளைங்களும் ஆடிச்சு. இவ ஓரமா நின்னு, கால் சத்தம் கேக்குதான்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருந்தா."

கேஷே கேக்கை நீட்டினார். சரியாக எழுதப்பட்ட நோட்டு ஒரு வீட்டைக் காப்பாற்றியது. ஆனால் அந்த வீடு காப்பாற்றப்பட வேண்டிய நிலைக்கு வந்ததும் அதே கையால்தான்.

"கேக்கை வாங்கிக்கறேன்" என்றார் டுன்யா. "மத்தது இப்ப முடியாது." கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தி, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். தக்காளி நல்லா இருக்கு" என்றார்.

அன்ட்யே அடுத்த வாரம் ஹனோவரிலிருந்து வந்தாள். அப்பா ஐம்பத்தெட்டு நொடியில் எழுவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை, ஆனால் திரும்பக் கொண்டுபோய்விட்டாள். ஆபத்துக்கு அழுத்தும் பொத்தான் ஒன்றை அவர் மணிக்கட்டில் கட்டினாள். பெஹ்ரென்ட்ஸ் இப்போது மூன்றேகாலுக்கு விழுகிறார். விழப்போகிற நேரத்தை ஒரு சீட்டில் எழுதி வாசல் பலகையிலும் ஒட்டியிருக்கிறார்.

கேஷே நோட்டை மேசை இழுப்பறையில் வைத்தார். ஆனால் காதைப் பூட்ட முடியவில்லை. மாலையில் தலைக்கு மேலே அவர் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். கேட்காத சத்தத்துக்கு நோட்டில் இடமில்லை என்று ஒரு முறை சொன்னார்.

ஜூன் கடைசியில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு மேல் என் கதவைத் தட்டினார். "உடனே வாங்க. பேசாம வாங்க" என்றார். மேலே போனோம். அவருடைய சமையலறையில் உட்கார்ந்தோம். கூரையைப் பார்த்தோம். சில நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிவரை, தடதடவென்று, தேநீர்க் கோப்பை தட்டில் நடுங்கும்படி ஒரு ஓட்டம். நின்றது. திரும்பியது. மறுபடியும்.

கேஷே நோட்டை என் பக்கம் நகர்த்தினார். ஏற்கெனவே எழுதியிருந்தார்: "ஜூன் 27, வெள்ளி. 16.10 முதல். ஓட்டம். கூடத்திலிருந்து சமையலறைவரை, பல தடவை. குதிகால் முழுதாகப் பதிகிறது. சாட்சி:"

நான் கையெழுத்துப் போட்டேன்.